விளையாட்டுப் பயிற்சியாளரும் அவர்தம் தராதரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, "விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டனர். விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசுவதற்கு நாட்டிலே ஆட்களுக்குக் குறைவில்லை. வென்றவனுக்கு மாலையிடுவோம், தோற்றவனுக்கு ஆறுதல் கூறுவோம். ஆனால் கோட்டுக்கு வெளியே, வெயிலிலே, விசிலுங் கையுமாக ஒருவன் நிற்கிறானே, அவனைப் பற்றிப் பேசுவார் அரியர். அவனுக்குக் கற்பித்தவர் யார்? கற்பித்தது என்ன? அவன் அதைச் சரிவரக் கற்றுக்கொண்டான் என்று எவர் கண்ணாற் கண்டார்? இம்மூன்று கேள்விகளையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றவாளி வேறெவருமல்லர், நானே.

2003ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஏ9 பாதை திறக்கப்பட்டிருந்தது. தென்பகுதிக் குழுக்கள் நம்மூர் மைதானங்களுக்கு வரத் தொடங்கின. நெடுங்காலம் அடங்கிக் கிடந்த விளையாட்டு ஆசை ஒரே மூச்சிற் கிளம்பியது. அவ்வாண்டு நான் துடுப்பாட்டப் பயிற்சியாளருக்கான இரண்டு நாள் வகுப்பொன்றிற்குச் சென்றேன். முதல் நாள் முழுவதும் விரிவுரை. இரண்டாம் நாள் முற்பகல் விரிவுரை, பிற்பகல் எழுத்துப் பரீட்சை. ஆடுகளத்தின் நீளம் எத்தனை அடி? பந்தின் நிறை எவ்வளவு? களத்தடுப்பு நிலைகள் பத்தின் பெயரைத் தருக. இவையே வினாக்கள். தந்த கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. என்னோடிருந்தவர்களிற் பாதிப்பேர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. நான் 86 புள்ளி பெற்றேன். கிடைத்த தராதரப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்திலே போட்டு வீட்டு விறாந்தையில் மாட்டினேன். அந்த இரண்டு நாளிலும் நான் ஒரு பிள்ளைக்குப் பந்துவீசக் கற்பிப்பதை எவரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒரு பிள்ளையும் இருக்கவில்லை.

அப்பொழுது என் குழுவிலே பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வயதுக்கு மீறிய உயரம், நல்ல வேகம். அவன் ஓடிவருவதைக் கண்டால் எதிரே நிற்கும் பிள்ளைகள் ஒருபக்கம் ஒதுங்குவர். சுற்றுப்போட்டி நெருங்க நெருங்க அவனை நாள்தோறும் மாலையில் இரண்டு மணித்தியாலம் வீசவிட்டேன். சனிக்கிழமையென்றால் காலையும் மாலையும். எத்தனை பந்து என்று எண்ணவில்லை. எண்ணவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் அவன் வந்து, "சேர், இடுப்புக்கு மேலை இடப்பக்கம் நோகுது" என்றான். "ஓடு, உடம்பு சூடேறினால் போய்விடும்" என்றேன். போகவில்லை. "எண்ணெய் பூசு" என்றேன். மூன்றாங் கிழமை அவனாற் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, கீழ்முதுகின் முள்ளென்பிலே வெடிப்பு என்றார் வைத்தியர். அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "இந்தப் பிள்ளை ஒரு கிழமையில் எத்தனை பந்து போடும்?" நான் வாய்திறக்கவில்லை. பையனின் தகப்பனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஓய்வு. பின்னரும் அவன் விளையாடினான். ஆனால் வேகப்பந்து வீசவில்லை.

இதிலே வைத்திய இரகசியம் எதுவும் இல்லை, அன்பர்களே. வேகமாக வீசுபவன் முன்காலை நிலத்தில் ஊன்றும்போது தன் உடற்பாரத்தின் பல மடங்கு தாக்கத்தை அக்கால் ஏற்கிறது. அதே கணத்தில் முதுகு பின்னே வளைந்து, பக்கத்திற் சரிந்து, திருகவுஞ் செய்கிறது. வளரும் பிள்ளையின் முள்ளென்பு முற்றாத என்பு. வலக்கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்திலே வெடிப்பு உண்டாகும். பின்னோக்கி வளையும்போது நோ கூடினால், பந்தை உடனே கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறு திசையையும் நோக்கத் திருகி வீசும் முறை முதுகுக்குக் கேடு என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1989ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டிவிட்டனர். இங்கிலாந்தின் துடுப்பாட்டச் சபை பிள்ளைகளுக்கு எல்லை வகுத்து அதை நெடுங்காலம் நடைமுறைப்படுத்தியது: 13 வயது வரை ஒரே மூச்சில் 5 ஓவர், ஒருநாளில் 10, 14, 15 வயதில் ஒரே மூச்சில் 6, ஒருநாளில் 12. என் பையன் ஒரு மாலையிலே இருபதுக்குக் குறையாமல் வீசியிருப்பான். இந்த அறிவு உலகத்தில் இருந்தது. என் விறாந்தையிற் கண்ணாடிக்குள் இருந்த பத்திரத்தில் இருக்கவில்லை.

நிற்க. நம்மவரின் வேறொரு வழக்கத்தைப் பார்ப்போம். நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் நடனமும் கற்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அறிமுறை ஒரு தாள். அதனோடு செய்முறைப் பரீட்சை. பிள்ளை பரீட்சகர் முன்னிலையில் இருந்து பாடவேண்டும், வாசிக்கவேண்டும், ஆடவேண்டும். சுருதி விலகினால் அவர் காது கண்டுபிடித்துவிடும். படிப்படியாக ஏறி ஆறாந் தரம் சித்தியெய்தினால் "கலாவித்தகர்" என்கிறோம். வயலினுக்கு எத்தனை தந்தி என்று எழுதிக்காட்டிவிட்டு ஒருவர் கலாவித்தகர் ஆனார் என்றால் ஊர் சிரிக்காதா? மைதானத்தில் அதே காரியத்தைச் செய்துவிட்டு, சிரியாமலே இருந்துவருகிறோம்.

இன்னுமொன்று. நம் நாட்டிலே தேசிய தொழிற்றகைமை என்று ஏழு மட்டங்கொண்ட முறை ஒன்று உண்டு. அதிலே, முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற வழியும் உண்டு. இருபது ஆண்டு சுவர் கட்டிய மேசன் ஒருவர், பள்ளிக்கூடத்தை அதிகம் காணாதவராயினும், மதிப்பீட்டாளர் முன்னிலையிலே தம் வேலையைச் செய்துகாட்டித் தகைமைச் சான்றிதழ் பெறலாம். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கிறார்கள். சுவருக்குத் தூக்குக்குண்டு போடுகிற நாம், பிள்ளையின் முதுகை நம்பி ஒப்படைக்கும் மனிதனுக்கு ஏதாவது போட்டுப் பார்க்கவேண்டாமா?

பெரியோர் சிலர் முகத்திலே ஒரு கேள்வி தெரிகிறது. "எங்கள் காலத்தில் இந்தப் பத்திரமெல்லாம் எங்கே இருந்தது? நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் பெற்றாரே!" நியாயமான கேள்விதான். ஆனால் அவர் யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியிற் பாய்ந்ததோடு நின்றவரல்லர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கும் பாய்ந்தவர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற் என்ன செய்தார்? பதக்கம் கழுத்தில் இருக்கிறதே, இனிக் கற்பிக்கத் தொடங்கலாம் என்று இருந்துவிடவில்லை. இங்கிலாந்தில் லவ்பரோக் கல்லூரிக்குப் போய் உடற்கல்வி கற்றார். பின்னரே நைஜீரியாவிற் பிறருக்குக் கற்பித்தார். ஓடத் தெரிவது வேறு, ஓடக் கற்பிக்கத் தெரிவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

உதைபந்தாட்டத்தின் தாயகம் என்று மார்தட்டிய இங்கிலாந்து இதைக் கொஞ்சம் கசப்போடு கற்றது. ஜிம்மி ஹோகன் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டவர் மதியாத ஆட்ட நுட்பங்களை ஐரோப்பாக் கண்டத்துக்கு எடுத்துச் சென்றார். முதலாம் உலக யுத்தக் காலத்திலே புடாப்பெஸ்ற் நகரில் இளைஞருக்குப் பயிற்சியளித்தார். அவர் நட்ட விதை வளர்ந்து, 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் தேதி வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. ஆறு மாதத்துக்குள் புடாப்பெஸ்ரில் மறுபடியும் 7-1. வென்றவர்கள் ஹோகனுக்கு நன்றி கூறினார்கள். இங்கிலாந்திலும் 1946 முதல் வோல்ற்றர் வின்ரர்பொட்டம் என்பவர் பயிற்சியாளருக்கு வகுப்பு நடத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பந்தை உதைத்துப் பழகியவனுக்கு வகுப்பு எதற்கு என்று கழகக்காரர் பலர் கேலி பேசினர். அந்தக் கேலியை நானும் நம்மூர் மைதானத்திற் கேட்டிருக்கிறேன், சொற்கள்கூட மாறவில்லை.

அண்மைக் கதை ஐஸ்லாந்துடையது. 2016 யூன் 27ஆந் தேதி, ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அந்நாடு இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. அப்போது அங்கே மொத்தச் சனத்தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்தரை இலட்சத்துக்கு மேல்! குளிர்காலம் நீண்ட நாடு. உள்ளரங்கு மைதானங்கள் கட்டினார்கள். அது பணத்தாலே ஆன வேலை, நம்மால் ஆகாது. ஆனால் இன்னொரு வேலையுஞ் செய்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் பயிற்சியளிப்பவர் தகுதி பெற்றவராக இருக்கவேண்டும் என்று வைத்து, அப்படிப்பட்டவர்கள் சில நூற்றுவரை உருவாக்கினார்கள். நாம் என்ன செய்கிறோம்? பெரிய குழுவுக்கு நல்ல பயிற்சியாளர். சின்னப் பிள்ளைகளுக்கு, நேரங் கிடைத்தவர் எவரோ அவர். வீட்டுக்கு அத்திவாரம் போட மட்டும் கைபழகாதவனைப் பிடிப்பதுபோல.

நம்மிடம் எதுவும் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் சீ, பீ, ஏ, புரோ என்று படிகள் வகுத்திருக்கிறது. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 1991 முதல் படிமுறை வகுப்புகள் நடத்திவந்தது. துடுப்பாட்டத்துக்கும் மட்டங்கள் உண்டு. நல்ல பயிற்சி கிடைத்த இடத்தில் விளைவும் தெரிகிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் கற்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்ததை நாம் கண்டோம். தாமாகவே பழகிக்கொள்ளக்கூடிய விளையாட்டன்று அது; பக்கத்திலே விஷயம் தெரிந்தவர் நின்றாலொழியக் கழுத்து முறியும். ஆனால் கிராமத்துச் சனசமூக நிலையத்து மைதானத்தில், மாலை நான்கரை மணிக்கு, முப்பது பிள்ளைகளோடு தனியே நிற்கும் இளைஞனுக்கு இப்படிகளிற் கீழ்ப்படிகூட எட்டுவதில்லை. கொழும்புக்குப் போகவேண்டும், வேலையை விடவேண்டும், கட்டணம் கட்டவேண்டும், மொழி விளங்கவேண்டும்.

ஆகவே, என்ன வேண்டும் என்று சொல்லுகிறேன்.

பரீட்சை மைதானத்துக்கு வரவேண்டும். பயிற்சியாளனுடைய சொந்த மைதானத்துக்கு, அவனுடைய சொந்தப் பிள்ளைகளிடம். மதிப்பீட்டாளர் ஒருவர் வேப்பமர நிழலில் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்து பார்த்தாற் போதும். ஐம்பது வினாத்தாள் காட்டாததை அந்த ஒரு மணித்தியாலம் காட்டிவிடும். முப்பது பிள்ளைகள் ஒரே பந்துக்கு வரிசையில் நிற்கிறார்களா? அப்படியானால் அறுபது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்து கிடைப்பது இரண்டு நிமிடம்; மிச்சம் ஐம்பத்தெட்டு நிமிடமும் அது கற்பது வரிசையில் நிற்பதை. ஒரு பிள்ளை பிழைவிட்டால் ஒரு பிழையைத் திருத்துகிறானா, ஐந்தை ஒரேயடியாகச் சொல்லிக் குழப்புகிறானா? பின்வரிசையில் நிற்கும் மெலிந்த பிள்ளையின் பெயர் அவனுக்குத் தெரியுமா? தண்ணீர் குடிக்க விடுகிறானா, அல்லது அதைத் தண்டனையாக்கி மறுக்கிறானா? வைகாசி வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறி, புத்தி கலங்கிப் பேசத் தொடங்கினால் என்ன செய்வான்? (முதலில் நிழலிற் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவேண்டும், பிறகுதான் வாகனம். நம்மவர் வாகனத்தைத் தேடி ஓடுவதிலேயே உயிர்காக்கும் நேரத்தைக் கழித்துவிடுவர்.) பார்த்து முடிந்தபின் அவனை அருகில் இருத்தி, "இதை ஏன் இப்படிச் செய்தீர், தம்பி?" என்று கேட்கவேண்டும். அவனிடமிருந்து வரும் பதில்தான் உண்மையான வினாத்தாள்.

ஒருமுறை பார்த்தது போதாது. ஆறு மாதங் கழித்து, சொல்லாமல் ஒருநாள் வரவேண்டும். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் பயிற்சியாளர் அனுமதி மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்குள் குறைந்தது 15 மணித்தியாலம் மேலும் கற்றவருக்கே புதுப்பித்துக் கொடுப்பர். என்னுடைய 2003ஆம் ஆண்டுப் பத்திரத்துக்கோ முடிவு தேதியே இல்லை. நான் இறந்தபின்னும் அது செல்லுபடியாகும் போலும்!

இனி, மதிப்பிடுபவரை மதிப்பிடுவது யார்? இதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். இரண்டு மதிப்பீட்டாளர் ஒரே பயிற்சியைப் பார்த்துத் தனித்தனியே புள்ளியிடட்டும். ஒருவர் 40, மற்றவர் 75 என்றால் குற்றம் பயிற்சியாளன் மீதன்று, அளவுகோல் மீது. கற்பித்தவரே பரீட்சகராகவும் இருக்கலாகாது. உறவினரும் ஆகாது. நம்மூரிலே உறவில்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம் என்பதை அறிவேன்; அடுத்த மாவட்டத்திலிருந்து அழைத்துவரலாம், மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ நம் மொழி அறிந்தவர் இல்லாமற் போகவில்லை.

பத்திரமில்லாமல் முப்பது ஆண்டு உழைத்த மூத்த பயிற்சியாளர்களை இந்தப் பேச்சைக் காட்டி எவரும் வெளியே தள்ளிவிடக் கூடாது. மேசனுக்குத் திறந்த வாயில் அவர்களுக்கும் திறக்கவேண்டும். அவர்கள் செய்வதைப் பார்த்து, உள்ளதை ஏற்று, இல்லாததை மட்டும் கற்பித்தாற் போதும். அவர்களிற் பலர் என்னைவிடச் சிறந்தவர்கள். சிலர் என்னைப்போல ஏதாவதொரு பிள்ளையின் முதுகை மனத்திற் சுமந்துகொண்டிருப்பவர்கள்.

தாய்மார் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை. வலைப்பந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் நம் பெண்பிள்ளைகள் ஆர்வமாக இறங்குகிறார்கள். பாய்ந்து இறங்கும் விளையாட்டுக்களிலே முழங்காலின் உள்நாண் அறுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம். அதைத் தடுக்கும் வழியும் உண்டு. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிட அப்பியாசத் தொகுதி ஒன்றை, 13 முதல் 17 வயதுவரையான நோர்வே நாட்டு உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளிடம் செய்வித்து, 2008இல் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, செலவில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவே. அந்த ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நன்று. விளையாடி முடித்த பெண்பிள்ளைகளைத் திருமணத்தோடு மைதானத்திலிருந்து அழைத்துக்கொள்ளுகிறோம். அவர்களுக்குக் கீழ்ப்படித் தகைமையைத் தமிழிலே, வீட்டுக்கு அண்மையிலே கொடுத்துப் பாருங்கள்.

செலவு எங்கே என்று பொருளாளர் கேட்பார். கீழ்ப்படிக்கு மண்டபமும் மைதானமும் நம்மிடமே உண்டு. முதலுதவி கற்பிக்க வைத்தியர்களும் தாதியர்களும் இச்சங்க அங்கத்தவரிலேயே இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று ஆறு மாதம் ஒதுக்கலாம். இடையிலுள்ள ஞாயிறுகளில் ஒவ்வொருவரும் தத்தம் மைதானத்திற் கற்றதைச் செய்துபார்க்கட்டும், நாம் போய்ப் பார்ப்போம். இப்படிப் பழகியவரை விளையாட்டுத் திணைக்களத்தின் முறையான வகுப்புக்கு அனுப்பும்போது பயணச் செலவைச் சங்கம் ஏற்கலாம். இதைத் தீர்மானமாகப் பொதுக்கூட்டத்துக்கு எழுதித் தந்திருக்கிறேன்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பையன் என்று நான் சொல்வது என் கண்ணுக்குத்தான். இப்பொழுது அவன் ஒரு குடும்பத் தலைவன். அண்மையில் ஒரு மாலை தன் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். நான் இப்போதும் மாலையில் அங்கேதான் நிற்பேன். பிள்ளைக்குப் பதினொரு வயது. தகப்பனைப் போலவே நெடிய கால். "சேர், இவனும் வேகமாப் போடவேணுமாம். எத்தினை ஓவர் போட விடுவியள்?" என்று கேட்டான். "ஒரே மூச்சில் ஐந்து. கிழமையில் மூன்று நாள்" என்றேன். "ஆர் எண்ணுறது?" என்றான். நான் காற்சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்துக் காட்டினேன். பிள்ளை ஒவ்வொன்றின் பெயர், தேதி, வீசிய பந்து, நோ உண்டா இல்லையா என்று நான்கு நிரல். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். பின்பு மகனின் தோளைத் தட்டி, "போ" என்றான்.

அந்தக் கொப்பியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பயிற்சியளிக்கும் தம்பிமார், தங்கைமார் கூட்டம் முடிந்ததும் வந்து பார்த்து, அதைப்போல ஒன்று கோடு போட்டுக்கொள்ளலாம்.